பதினேழரை அங்குலத்தில் டெல்லி வரை

விமானத்துக்குள் காலை வைத்ததும் மற்றவர்கள் தங்கள் சீட் எண்ணைத் தேடுவார்கள். எங்களைப் போலப் பருமனான உடம்புக்காரர்கள் பக்கத்துச் சீட்டில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்ப்போம். நடு சீட்டில் ஒல்லியான கல்லூரிப் பையன் இருந்தால் மனசு லேசாகிவிடும். தோள் அகன்றவர் இருந்தால் அடுத்த சில மணி நேரம் எப்படிப் போகும் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

சென்னையிலிருந்து டெல்லிக்குப் போகும் ஏர்பஸ் ஏ320 நியோ. இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று, நடுவில் ஒரு நடைபாதை. எனக்கு 22ஆவது வரிசையில் நடைபாதை ஓரச் சீட். என் எடை நூறு கிலோவுக்கு மேல். இந்த முறை ஒரு வேலையை மனதில் வைத்துக்கொண்டுதான் ஏறினேன். வீட்டுத் தையல் மெஷின் டிராயரில் கிடந்த இஞ்சு டேப் சட்டைப்பையில் இருந்தது. காசு கொடுத்து நாம் வாங்கும் இடம் எவ்வளவு என்று என் கையாலேயே அளந்து எழுத வேண்டும் என்பது வெகு நாள் எண்ணம்.

என் வரிசையில் இன்னும் வேறு யாரும் வரவில்லை. உட்காருவதற்கு முன்பே டேப்பை விரித்தேன். ஒரு கைப்பிடியின் உள்விளிம்பிலிருந்து அடுத்த கைப்பிடியின் உள்விளிம்பு வரை பதினேழரை அங்குலம், ஒரு நூல் கூடுதல். என் சீட்டின் முதுகுப் பக்கத்திலிருந்து முன் சீட்டின் முதுகுப் பக்கம் வரை, அதாவது ‘பிட்ச்’ என்று அவர்கள் சொல்லும் அளவு, 29 அங்குலத்தை ஒட்டி வந்தது. கால் நீட்டும் இடம் என்று பலர் நினைப்பது இதைத்தான். அப்படி இல்லை. சீட்டின் கனமும் இதற்குள் அடக்கம். முழங்காலுக்கு மிஞ்சுவது இதைவிட எவ்வளவோ குறைவு.

உட்கார்ந்தேன். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் தெரியாது. கைப்பிடியின் கீழ்விளிம்பு இரண்டு பக்கமும் தொடையின் மேல் பதிந்திருக்கும், அவ்வளவுதான். விமானம் மேலே ஏறி பெல்ட் விளக்கு அணையும் நேரத்துக்கு அந்த இடம் மரத்துப்போக ஆரம்பிக்கும். இடது பக்கம் சாய்ந்தால் வலது பக்கத்துக்குக் கொஞ்சம் நிம்மதி. பிறகு வலது பக்கம். இப்படியே மாறி மாறி டெல்லி வரை. தொடை வலியையாவது சமாளித்துவிடலாம். தோளைத்தான் எங்கே வைப்பது என்று தெரியாது. சீட் அகலம் என்று யார் எந்த எண்ணைச் சொன்னாலும் அது இடுப்புக்கான அளவு. ஆணுக்குப் பெரும்பாலும் இடுப்பைவிடத் தோள்தான் அகலம். ஒல்லியாக இருந்தாலும் அப்படித்தான். அதனால் மூன்று ஆண்கள் ஒரு வரிசையில் உட்கார்ந்தால் நடுவில் இருப்பவர் தோளை முன்னால் மடக்கிக்கொள்கிறார், நடைபாதை ஓரத்தில் இருப்பவர் வெளியே சாய்கிறார். சாய்ந்த தோளில் உணவு வண்டி வந்து இடிக்கும். என் வலது தோளில் அன்றைக்கும் இடித்தது.

விமானப் பராமரிப்பில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் கிளம்புவதற்கு முன் ஒரு விஷயம் சொல்லியிருந்தார். “அண்ணே, நடைபாதைப் பக்கத்துக் கைப்பிடி அசையாதுன்னுதான் எல்லாரும் நினைப்பாங்க. அடியில, பின்னாடி மூட்டுக்குப் பக்கத்துல விரலால தடவிப் பாருங்க. சின்னதா ஒரு பொத்தான் தட்டும்.” தடவினேன். கண்ணுக்குத் தெரியாத இடத்தில், சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒன்று தட்டுப்பட்டது. அதை அழுத்திக்கொண்டே தூக்கினால் கைப்பிடி சத்தமில்லாமல் மேலே போய்விட்டது. எல்லா விமானத்திலும் எல்லா வரிசையிலும் இது இருக்காது. அமெரிக்காவில் 30 சீட்டோ அதற்கு மேலோ உள்ள விமானங்களில் நடைபாதை ஓரச் சீட்டுகளில் பாதியிலாவது கைப்பிடி தூக்கும்படி இருக்க வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகளுக்கான விதியில் எழுதியிருக்கிறது. சக்கர நாற்காலியிலிருந்து நகர்ந்து உட்கார வசதியாக. எங்களுக்கும் அது பெரிய உதவி. புறப்படும்போதும் இறங்கும்போதும் கீழே இறக்கிவிட வேண்டும். நடுவில் உள்ள நேரம் நம்முடையது.

நடு சீட்டுக்காரர் வந்தார். மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை என்றார், என் வயதுதான் இருக்கும். “சார், தப்பா நினைக்காதீங்க. நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கிற கைப்பிடியைத் தூக்கிவிடட்டுமா? உங்க பக்கம் கொஞ்சம் வருவேன்” என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, “தூக்குங்க சார். எனக்கும் அது முட்டிக்கிட்டுத்தான் இருக்கு” என்றார். எல்லோரும் இப்படிச் சொல்ல மாட்டார்கள், அவர்கள் மேல் குற்றமும் இல்லை. அவரும் முழு டிக்கெட் வாங்கியவர். அவருக்கு உரிய இடத்தில் என் உடம்பு கொஞ்சம் போகிறது என்பது உண்மை. அதனால் இந்த விஷயம் எங்கே பேசப்பட்டாலும் குண்டானவருக்கும் பக்கத்துச் சீட்டுக்காரருக்கும் நடக்கும் சண்டையாக முடிந்துவிடுகிறது. அந்த வரிசையில் எத்தனை சீட், எவ்வளவு அகலம் என்று தீர்மானித்தவர் சண்டையில் வருவதே இல்லை.

பெல்ட்டை இழுத்தேன். முழு நீளத்துக்கு விட்ட பிறகும் நான்கு விரல் குறைந்தது. பணிப்பெண் நடந்து வரும்போது தலையசைத்தேன். அருகில் வந்து குனிந்து, “எக்ஸ்டென்ஷன் பெல்ட்தானே சார்? கொண்டு வரேன்” என்றார். தென் மாவட்டத்துப் பேச்சு. சுருட்டி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு வந்து, என் கையில் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் அடுத்த வரிசைக்குப் போனார். இதில் ஒரு பெரிய மரியாதை இருக்கிறது. அதே பெல்ட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, “யாருக்கு?” என்று கேட்டுக்கொண்டே விமானம் முழுக்க நடந்து வந்ததையும் நான் அனுபவித்திருக்கிறேன். கேட்கக் கூச்சப்பட்டு, பெல்ட் போடாமல் சட்டையை இழுத்து மூடிக்கொண்டு உட்காருகிறவர்கள் நிறைய. காற்றில் விமானம் குலுங்கும்போது அது உயிருக்கே ஆபத்து.

அந்தப் பெல்ட் முழம் நீளத்துக்கு மேல் உள்ள ஒரு பட்டை. ஒரு முனையில் நாக்கு, மறு முனையில் பூட்டு. சீட்டின் பூட்டுக்குள் இதன் நாக்கு, இதன் பூட்டுக்குள் சீட்டின் நாக்கு. பூட்டின் வடிவம் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுகிறது. கடையில் வாங்கிய சொந்தப் பெல்ட்டை விமான நிறுவனங்கள் ஏற்காததற்கு இது ஒரு காரணம்.

சீட்டையும் பெல்ட்டையும் பரிசோதிக்கும் முறையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அமெரிக்க, ஐரோப்பிய விதிகளின்படி ஒவ்வொரு சீட் வடிவமும் புவியீர்ப்பைப்போல 16 மடங்கு வேகக்குறைப்பைத் தாங்குகிறதா என்று மோதிப் பார்க்கிறார்கள். அப்போது சீட்டில் உட்கார வைக்கும் பொம்மையின் எடை 77 கிலோ. அந்த எடைக்கு மேற்பட்டவர் உட்கார்ந்தால் சீட் உடைந்துவிடும் என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் விதி எழுதியவர்கள் மனதில் இருந்த உடம்பு எது என்பதை அந்த எண் காட்டிவிடுகிறது. நம் ஊர் நிலவரம் வேறு. 2019-21இல் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடையோ உடல்பருமனோ உள்ளவர்கள். ஆண்களில் 37 சதவீதம். உடம்பைக் குறைத்தால் தீர்ந்துவிடுமே என்று சொல்கிறவர்களுக்கு இந்த எண்ணையே பதிலாகச் சொல்வேன். பத்துப் பேரில் நான்கு பேரை விதிவிலக்கு என்று ஒதுக்க முடியாது. தைராய்டு, ஸ்டீராய்டு மாத்திரை, பிரசவம், பரம்பரை என்று ஒவ்வொரு உடம்புக்கும் ஒரு கதை உண்டு. அதை யாரும் 22ஆவது வரிசையில் நின்று விளக்க வேண்டியதில்லை.

ஜன்னல் ஓரம் எப்படி என்று பார்க்க ஆசை. அந்தச் சீட் காலியாகவே இருந்தது. மறைமலை நகர்க்காரர் எழுந்து வழிவிட, போய் உட்கார்ந்தேன். கீழே தரைப்பக்கம் சுவர் உள்ளே வளைகிறது, தோள் உயரத்தில் மேலும் ஒரு வளைவு. சுவரில் சாய்ந்துகொள்ளலாம், யார் தோளும் இடிக்காது. ஆனால் சுவர்ப் பக்கத்துக் கைப்பிடி எழுந்திருக்காது.

இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடுவே ஏ320இல் 3.70 மீட்டர். இதற்குப் போட்டியான போயிங் 737இல் 3.54 மீட்டர். இரண்டிலும் வரிசைக்கு ஆறு சீட். பதினாறு சென்டிமீட்டரை ஆறு பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு ஓர் அங்குலம் என்று வரும். 737இன் உடல் அகலம் புதிதாக யோசித்து வைத்தது அல்ல. 1957இல் முதன்முதலாகப் பறந்த 707இலிருந்து அப்படியே எடுத்தது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் அதே அகலம். ஏர்பஸ் நிறுவனம் 2013இல், நீண்ட தூர விமானங்களில் குறைந்தது 18 அங்குலச் சீட் வேண்டும் என்று உலகெங்கும் பிரசாரமே செய்தது. விற்பனைக்காகச் செய்ததுதான், இருந்தாலும் சொன்ன விஷயம் சரி.

விமானத்தின் உடல்தான் சிறியது, நிறுவனங்கள் என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு 787ஐக் காட்டலாம். அதே போயிங் 787இல் ஜப்பான் ஏர்லைன்ஸ் தன் சர்வதேசப் பயணங்களில் வரிசைக்கு எட்டு சீட் போடுகிறது: இரண்டு, நான்கு, இரண்டு. உலகின் பெரும்பாலான நிறுவனங்கள் அதே அகலத்தில் ஒன்பது போடுகின்றன. 777இலும் இதே கதைதான். 1995இல் சேவைக்கு வந்தபோது சாதாரண வகுப்பில் ஒன்பதுதான் வழக்கம். இன்று பெரும்பாலும் பத்து. விமானம் ஓர் அங்குலம்கூடச் சுருங்கவில்லை. யாரோ ஓர் அறையில் உட்கார்ந்து வரிசைக்கு ஒரு சீட் கூட்டினார்கள். அந்தச் சீட்டுக்கான அகலத்தை மற்ற ஒன்பது பேரின் இடுப்பிலிருந்து எடுத்தார்கள். சென்னையிலிருந்து தூத்துக்குடி, சேலம் போகும் சின்ன ஏடிஆர் விமானங்களில் இரண்டிரண்டு சீட்தான். நடு சீட் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக அந்தப் பயணம் எனக்குப் பிடிக்கும்.

சாப்பாட்டு நேரம். ட்ரே முழுதாக இறங்கவில்லை, வயிற்றில் முட்டிச் சரிவாக நின்றது. இட்லிப் பெட்டியைக் கையிலேயே வைத்துச் சாப்பிட்டேன். தண்ணீர் கொஞ்சமாகத்தான் குடித்தேன். விமானம் ஏறும் நாளில் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்வது எங்களில் பலருக்குப் பழக்கம். கழிப்பறைக்குள் பக்கவாட்டில்தான் நுழைய முடியும், உள்ளே திரும்ப முடியாது, கதவைச் சாத்துவதே பெரிய பாடு. ஆனால் இது கெட்ட பழக்கம். நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வில் சொன்னது. உடல்பருமன் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம் என்பதும் அதில் இருக்கிறது. தண்ணீர் குடியுங்கள், எழுந்து நடங்கள்.

நானும் எழுந்து நடந்தேன். அவசர வழி இருக்கும் வரிசையைப் பார்க்க வேண்டியிருந்தது. கால் வைக்க நிறைய இடம் என்று அந்த வரிசையையும் முதல் வரிசையையும் கூடுதல் காசுக்கு விற்கிறார்கள். பருமனானவர்கள் ஆசையோடு வாங்கி ஏமாறுவது இங்கேதான். முதல் வரிசைக்கு முன்னால் சீட் இல்லாததால் ட்ரேயைக் கைப்பிடிக்குள் மடித்து வைத்திருக்கிறார்கள். அதனால் கைப்பிடி தடிமன் கூடி, சீட் அகலம் குறைகிறது, தூக்கவும் வராது. அவசர வழி வரிசையிலோ எக்ஸ்டென்ஷன் பெல்ட் போட்டவர் உட்காரவே கூடாது. அதில் நியாயம் இருக்கிறது. ஆபத்து வந்தால் விமானத்தில் உள்ள அத்தனை பேரும், பாதிக் கதவுகள் மட்டும் திறந்த நிலையிலும், 90 வினாடியில் வெளியேற முடியும் என்று தயாரிப்பாளர் நிரூபித்தாக வேண்டும். தொங்கும் பட்டை ஒருவர் காலில் மாட்டினால் பின்னால் வருபவர்கள் நிற்க வேண்டிவரும்.

ஆனால் அதே 90 வினாடிக் கணக்கை, சீட்டுகள் நெருங்கிக்கொண்டே போகும் இந்தக் காலத்துக்குப் பொருத்திப் பார்த்தார்களா? அமெரிக்கப் பயணிகள் அமைப்பு ஒன்று நீதிமன்றத்தில் இதைத்தான் கேட்டது. 2017இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் நீதிபதி பட்ரீசியா மில்லெட் பயணிகள் பக்கம் தீர்ப்பு எழுதி, சீட் அளவு பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விஷயம்தான், மறுபடி பாருங்கள் என்று அந்நாட்டு விமானப் போக்குவரத்து நிர்வாகத்துக்குத் திருப்பி அனுப்பினார். 2018இல் குறைந்தபட்ச அளவை நிர்ணயிக்கச் சொல்லி அமெரிக்க நாடாளுமன்றம் சட்டமே போட்டது. அதன் பிறகு அந்த நிர்வாகம் ஓக்லஹோமா சிட்டியில் ஆட்களை வைத்து வெளியேற்றச் சோதனை நடத்தியது. கலந்துகொண்டவர்கள் எல்லோரும் 60 வயதுக்கு உட்பட்ட, உடலில் குறை இல்லாத பெரியவர்கள். குழந்தைகள் இல்லை, முதியவர்கள் இல்லை. நாம் தினமும் பார்க்கும் விமானக் கூட்டம் அப்படியா இருக்கிறது?

டெல்லியில் வேலை முடித்துத் திரும்பும்போது கிடைத்தது போயிங் 737. போர்டிங் கேட் வாசலில் அந்த உலோகச் சட்டம் நின்றது; கைப்பையை அதற்குள் இறக்கிப் பார்க்கிறார்களே, அதேதான். 55 சென்டிமீட்டர், 35, 25, எடை 7 கிலோ என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. டிக்கெட் போட்டதிலிருந்து இந்த எண்களை எத்தனையோ இடத்தில் பார்த்துவிட்டேன், மின்னஞ்சலில்கூட. என் பையின் நீள அகலம் சென்டிமீட்டர் கணக்கில் சொல்லப்பட்டது. என் சீட்டின் அகலம் டிக்கெட் போட்ட பக்கத்தில் எந்த மூலையிலும் இல்லை. உள்ளே போய் டேப் வைத்துப் பார்த்தபோது 17 அங்குலம்.

எனக்கு முன் வரிசையில் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர் நின்றுகொண்டே இருந்தார். முகத்தில் வியர்வை. “என்னம்மா, உட்காரலையா?” என்றேன். “இரண்டு சீட்டுக்கு டிக்கெட் எடுத்திருக்கேன் தம்பி. பையன் போட்டுக் கொடுத்தான். இங்க ஒண்ணு கொடுத்திருக்காங்க, இன்னொண்ணு அஞ்சாறு வரிசை தள்ளி. நான் எப்படிப்பா ரெண்டு இடத்துல உட்காருவேன்?” குரல் உடைந்தது. சுற்றிலும் எல்லோரும் பார்த்தார்கள். பணியாளர்கள் ஓர் இளைஞரிடம் பேசி இடம் மாற்றி, இரண்டு சீட்டைச் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்த இளைஞர் உடனே எழுந்தார், அவருக்கு நன்றி. ஆனால் இரண்டு மடங்கு காசு கொடுத்த ஒருவர் நூற்றைம்பது பேர் நடுவே நின்று தன் உடம்பைப் பற்றி விளக்கம் சொல்லும்படி ஆனதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

கனடாவில் இதற்குத் தீர்வு கண்டு பல ஆண்டுகள் ஆகிவிட்டன. 2008 ஜனவரியில் அந்நாட்டுப் போக்குவரத்து ஆணையம், ஊனத்தாலோ, ஊனம் என்னும் அளவுக்கான உடல்பருமனாலோ இரண்டாவது சீட் தேவைப்படுபவரிடம் உள்நாட்டுப் பயணத்தில் கூடுதல் கட்டணம் வாங்கக் கூடாது என்று உத்தரவிட்டது. ஒருவருக்கு ஒரு கட்டணம். விமான நிறுவனங்கள் உச்ச நீதிமன்றம் வரை போயின. வழக்கை எடுத்துக்கொள்ளவே நீதிமன்றம் மறுத்துவிட்டது. அந்த நிறுவனங்கள் இன்றும் பறந்துகொண்டுதான் இருக்கின்றன.

அவ்வளவு பெரிய மாற்றம் நாளைக்கே இங்கே வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. விமானப் போக்குவரத்து இயக்குநரகத்திடம் இரண்டே கோரிக்கைகள். டிக்கெட் விற்கும் பக்கத்தில், விலைக்குப் பக்கத்திலேயே, கைப்பிடிக்குக் கைப்பிடி எத்தனை அங்குலம் என்று போடச் சொல்லி உத்தரவிடுங்கள். ஒரே பெயரில் வாங்கிய இரண்டு சீட்டையும் ஒட்டியே கொடுக்கவேண்டும், நடுக் கைப்பிடி தூக்கும் வரிசையில் கொடுக்கவேண்டும் என்று விதி செய்யுங்கள். இதற்கு எந்த விமானத்தையும் மாற்றிக் கட்ட வேண்டியதில்லை.

பருமனான வாசகர்களுக்கு ஒன்று. எக்ஸ்டென்ஷன் பெல்ட்டுக்குக் காசு கிடையாது. சீட்டுக்குப் போய் உட்கார்ந்த பிறகு தவிக்காமல், கதவருகே வணக்கம் சொல்லி நிற்கும் பணியாளரிடம் ஏறும்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.